வெற்றிலை முத்திரை

— முத்திரையின்ரை கைபிடியிலை பிரச்சினை இல்லை, மதாம் மரி-லூயிஸ். மரம் கருகி உதிருது, புதுசு கடைஞ்சு போட்டுத் தருவன். வெள்ளித் தலையைப் பற்றித்தான் கேக்கிறன்.

— தலைக்கு என்னா பத்தரே?

— இந்தப் பூதக்கண்ணாடியாலை ஒருக்காப் பாருங்கோ. வெற்றிலை மாதிரி ஒரு கோடு சுத்தி வருது. நடுவிலை ஒரு B எழுத்து, திருப்பிப் போட்டிருக்கு. வெற்றிலையின்ரை நுனி உடைஞ்சு போச்சு. வெள்ளி வைச்சுப் பத்த வைக்கலாம். ஆனா அது நேரா இறங்கினதோ, வளைஞ்சதோ எண்டு தெரிய வேணும். தெரியாமல் செய்தால் அது என்ரை வெற்றிலை. உங்கடை வெற்றிலை இல்லை.

— இடது பக்கம் வளையும். லேசா, கொக்கி மாதிரி.

— நிச்சயமோ?

— நாப்பத்தோரு வருஷமா பாத்துக்கினு இருக்கேன், எனக்குத் தெரியாதா?

— எப்ப உடைஞ்சது?

— எங்க மாமியார் செத்த வருஷம். தொண்ணூத்தாறு. என் கையிலேருந்துதான் வுழுந்துச்சு.

— அப்ப உடைஞ்சு முப்பது வருசமாகப் போகுது. இல்லாத நுனியை நாப்பத்தொரு வருசமா எப்பிடிப் பாத்தியள்?

— நீங்க நகை செய்யறவரா, பொலீஸ்காரரா? ஏதோ வாய்ல வந்துடுச்சு. வளைச்சுப் போடுங்க, அவ்ளோதான்.

— கோவிக்காதேங்கோ. எங்கடை ஊரிலை கன்னாதிட்டித் தட்டார் தெருவிலை வேலை பழகினவன் நான், அளவு தெரியாமல் அரத்தை எடுக்கிறதில்லை. பழைய அச்சு ஏதும் இருக்கோ? துணியிலை, காகிதத்திலை?

— வூட்ல ஒண்ணு இருக்குது. எடுத்தாந்து காட்டற மாதிரி இல்ல.

— சரி. அந்த மான்தோக் கோட்டைக் கழட்டிக் கொழுவிப்போட்டு ஆறுதலா இருங்கோ. உள்ளுக்கை ஹீட்டர் எரியுது, உங்களுக்கு நெத்தியிலை வேர்க்குது.

— இருக்கட்டும். எனக்கு சில்லுனுதான் இருக்குது. சனிக்கிழமை காலையில பூசை, சாயங்காலம் சார்செல் மண்டபத்துல விருந்து. அதுக்குள்ள குடுத்துடுவீங்கல்ல?

— வெள்ளிக்கிழமை பின்னேரம் வாங்கோ. உது என்ன, கலியாணத்துக்குத்தான் எடுக்கிறதோ?

— எங்க வூட்டு சடங்கு அது. புதுசா வர்ற மருமவளுக்கு, மாலை மாத்துன கையோட, மாமியாக்காரி இடது தோள்ல இத வைக்கணும். சந்தனம் குழைச்சு, ஒரு அழுத்து. வுவாலா, அவ்ளோதான், அவ எங்க வூட்டுப் பொண்ணு. காரைக்கால்ல எங்களுக்கு முத்திரைக்காரவூடுன்னுதான் பேரு. மூத்த மருமவளுக்கு நான்தான் வச்சேன்.

— உங்களுக்கு?

— எனக்கு எங்க மாமியார் வச்சாங்க. எண்பத்தி நாலுல.

— வடிவான பழக்கம். எங்கடை பக்கத்திலை இப்பிடி ஒண்டும் இல்லை. சும்மா சண்டை மட்டுந்தான் பிடிக்கிறது.

— இன்னொண்ணு பத்தரே. மாப்பிள்ளைத் தலைப்பாவுக்கு ஒரு ஊசி வேணும். வலது காது பக்கம் குத்தற மாதிரி, கொஞ்சம் நீட்டா.

— வலது பக்கமோ? எல்லாரும் முன்னுக்கல்லோ குத்துறவை.

— எங்க வூட்டு மாப்பிள்ளைங்க தலைப்பாவ வலது காதை மூடிக் கட்டுவாங்கோ. மூலத் தாத்தா அப்படித்தான் கட்டுவாராம். அதுலேருந்து எல்லாரும். அவுந்து காது தெரிஞ்சா அபசகுனம்.

— விளங்குது. பெண்சாதி சொல்லுறது ஒரு காதிலை விழக்கூடாது எண்டு முதல் நாளே மூடி விடுறியள்.

— எங்க நிக்கோலாவுக்கு ரெண்டு காதும் கேக்காது, மூடினாலும் ஒண்ணுதான். தோ, அவ வந்துட்டா. வா நிரஞ்சனா. பத்தரே, இவதான் பொண்ணு. திருச்சி.

— வணக்கம் அங்கிள். சாரி அத்தை, கார் து நோர் ஸ்டேஷன்ல ட்ரெயின் நின்னுடுச்சு. தாலி ரெடியா?

— தாலி எப்பவோ ரெடி பிள்ளை. இருங்கோ, பெட்டியைத் திறந்து காட்டுறன். இந்தச் செபஸ்தியாம்பிள்ளையின்ரை கையாலை தாலி வாங்கின ஒருத்தரும் இதுவரை திருப்பிக் கொண்டுவந்து தரேல்லை. ரெண்டு பேரைத் தவிர.

— நல்ல நாளும் அதுவுமா பேசற பேச்சா இது.

— அழகா இருக்கு அங்கிள். அத்தை, உங்க கையில அது என்ன?

— இது உனக்குத்தான். நிக்கோலா சொல்லலயா?

— ஏதோ தோள்ல சந்தனம் வைப்பீங்கன்னு சொன்னான். ஓ, அதுக்குத்தான் ஜாக்கெட்டுக்கு இடது தோளை இறக்கித் தைக்கச் சொன்னீங்களா? டெய்லர் என்னை ஒரு மாதிரி பாத்தா.

— ஆமா. பயப்படாத, ஒரு நொடியில முடிஞ்சிடும். கையில வாங்கிப் பாரு. வெள்ளி. வெற்றிலை மாதிரி இருக்குது பாரு.

— வெயிட்டா இருக்கு. அங்கிள், அந்த லென்ஸ் குடுங்க.

— இந்தா பிள்ளை. வெளிச்சத்துக்குப் பிடிச்சுப் பார்.

— என்னம்மா, திருப்பித் திருப்பிப் பாக்கற? பிடிக்கலயா?

— ஒரு நிமிஷம் அத்தை.

— பத்தரே, இவ மூஞ்சி ஏன் இப்படிப் போவுது?

— நானென்னத்தைக் கண்டன்? பிள்ளை, தண்ணி குடிக்கிறியோ?

— வேணாம் அங்கிள். அத்தை, இது உங்க வீட்டுக்கு எப்படி வந்துச்சு?

— அது பெரிய கதை. எங்க வூட்டுக்காரரோட மூலத் தாத்தா, ஆந்துவான்னு பேரு. பிரெஞ்சுக்காரன் ஆண்ட பூர்போன் தீவுல ஒரு பெரிய கரும்புத் தோட்டம். நூறு, நூத்தைம்பது பேரை மேய்ச்ச கண்காணி. அவரு வேலையைப் பாத்து, தோட்டத் துரை தன் கையால குடுத்த வெள்ளி இது. நாப்பத்தெட்டுல, அதாவது ஆயிரத்து எண்ணூத்து நாப்பத்தெட்டுல, கப்பலேறி காரைக்காலுக்கு வந்தாரு. வரும்போது கையில இது ஒண்ணுதான் இருந்துச்சாம்.

— பூர்போன்ல எந்தத் தோட்டம்?

— அதெல்லாம் யாருக்குத் தெரியும். B-ன்னு ஆரம்பிக்கற துரை. எங்க நாத்தனார் ஒர்த்தான்ஸுக்குத் தெரியும்.

— எனக்கும் தெரியும் அத்தை.

— உனக்கா? எப்படி?

— என் வேலையே அதுதான்.

— நீ கம்ப்யூட்டர் வேலையில்ல பாக்குற. நிக்கோலா அப்படித்தான் சொன்னான்.

— கம்ப்யூட்டர்ல பாக்கறேன். ஆர்ஷிவ் ஆபீஸ்லேருந்து பழைய ரெஜிஸ்டரெல்லாம் ஸ்கேன் பண்ணி அனுப்புவாங்க, நாங்க படிச்சு டைப் பண்ணணும். ரெண்டு வருஷமா பூர்போன் தோட்டங்களோட ரெஜிஸ்டர்தான். அடிமைகளோட லிஸ்ட்.

— அடிமைன்னா காப்பிரிங்க. எங்க தாத்தா கண்காணி.

— எல்லா ஊர் ஆளும் இருந்தாங்க அத்தை. மடகாஸ்கர், மொசாம்பிக், அப்புறம் மலபார். நம்மளத்தான் மலபார்னு எழுதுவாங்க. காரைக்கால், பாண்டிச்சேரிலேருந்து பஞ்ச காலத்துல புள்ளைங்களை வாங்கிக் கப்பல்ல ஏத்திட்டுப் போயிருக்காங்க. ஒரு ஆளுக்கு ஒரு வரி. பேர், சாதி, வயசு, வேலை, கடைசியா உடம்புல இருக்கற குறி. ஒரு நாளைக்கு நூத்தி இருபது வரி டைப் பண்ணுவேன்.

— குறியெண்டால் மச்சம் மாதிரியோ பிள்ளை?

— மச்சமும் எழுதுவாங்க அங்கிள். அம்மைத் தழும்பு, சவுக்குத் தழும்பு, விரல் இல்லாதது. கரும்பு ஆலையில வேலை பாத்தவங்களுக்குக் கை இருக்காது. உருளையில கை மாட்டிக்கிட்டா வெட்டி எடுக்க, பக்கத்துலயே ஒரு கோடாலி வச்சிருப்பாங்க. ஆலையை நிறுத்தினா சாறு வீணாயிடும். அப்புறம் சூடு வச்ச குறி. ஓடிப்போனா மறுபடி பிடிக்கறதுக்கு.

— இதையெல்லாம் எதுக்கு இப்ப சொல்ற? தாலி வாங்க வந்த எடத்துல.

— அதுல அந்த B துரையோட தோட்டத்து ரெஜிஸ்டர்ல, குறின்னு இருக்கற எடத்துல, நான் ஒரே வரியை அறுபத்தி மூணு தடவை டைப் பண்ணியிருக்கேன். இடது தோள், இதயம், நடுவுல B, நுனி இடது பக்கம் வளைஞ்சது.

— இதயமா?

— அவங்க இதயம்னு எழுதியிருக்காங்க. உங்க வீட்ல வெற்றிலைன்னு பாத்திருக்கீங்க.

— இடது பக்கம் வளைஞ்சது எண்டோ? மதாமும் அதைத்தான் சொன்னவ. இப்ப, நீ வர முதல்.

— பத்தரே, நீங்க உங்க வேலையைப் பாருங்க. நிரஞ்சனா, அது துரையோட முத்திரையா இருக்கும். லெட்டருக்குக் குத்துவாங்க, சாக்கு மூட்டைக்குக் குத்துவாங்க. ஆளுக்கும் குத்தியிருக்கலாம், யாரு கண்டா. இது அதுதான்னு எப்படிச் சொல்ற?

— அங்கிள் சொல்லட்டும். அங்கிள், இது காகிதத்துல குத்தறதுக்குச் செஞ்சதா?

— என்னை உதுக்குள்ளை இழுக்காதேங்கோ. கடைக்கு வாற சனத்தின்ரை வீட்டுச் சாமானைப் பற்றி நான் கதைக்கிறதில்லை.

— ஒரே ஒரு தடவை அங்கிள். சனிக்கிழமை என் தோள்ல வைக்கப் போறாங்க.

— சொல்லுங்க பத்தரே. சொல்லிட்டா இவளுக்கு மனசு ஆறும்.

— சரி. அரக்கு முத்திரை எண்டால் எழுத்து உள்ளுக்குக் குழிஞ்சிருக்கும். சந்தனத்துக்கோ மைக்கோ எண்டால் எழுத்துத் தட்டையா, அகலமா இருக்கும், அப்பத்தான் ஒட்டும். இது ரெண்டும் இல்லை. கோடு உயரம், விளிம்பு கத்தி மாதிரி மெல்லிசு. பின்னுக்கு இரும்புக் கம்பி செருக ஒரு துளை. மரக் கைபிடி பிறகு ஆரோ வைச்சது. கையிலை சுடாமல் இருக்க வேணும் எண்டால் நீட்டுக் கம்பி வேணும்.

— சுடாம இருக்கன்னா?

— ஓம் மதாம். வெள்ளி நெருப்பிலை போய் வந்தால் ஒரு ஊதாக் கறை பிடிக்கும். மெருகு போட்டாலும் போகாது, உள்ளுக்கை இறங்கிவிடும். இதிலை ஒரு கறைக்கு மேலை இன்னொரு கறை. நான் நீங்கள் கொண்டுவந்து வைச்ச உடனையே கண்டனான். சொல்லாமல் விட்டனான்.

— சாமி மாடத்துல இருக்குது. கற்பூரம் ஏத்துவோம், குத்துவிளக்கு இருக்கும்.

— கற்பூரச் சூட்டுக்கு இந்தக் கறை பிடியாது. அதோடை, கடைசிக் கறை அவ்வளவு பழசும் இல்லை.

— போதும் பத்தரே. உங்களக் கேட்டது தப்பு. சரி, நான் ஒண்ணு கேக்கறேன், அதுக்கு ரெண்டு பேரும் பதில் சொல்லுங்க. சூடு வைக்கறதுன்னா இரும்பு போதாதா? எதுக்கு வெள்ளியில செய்யணும்? அடிமைக்கு வெள்ளி செலவு பண்ணுவானா ஒருத்தன்? மரியாதை இருக்கப் போய்தானே வெள்ளி.

— அதுவும் எழுதியிருக்கு அத்தை. தோட்டத்துக் குமாஸ்தா துரைக்கு எழுதின லெட்டர் ஒண்ணு ரெஜிஸ்டர் நடுவுல சொருகி இருந்துச்சு. இரும்பு வச்சா புண்ணு சீழ் பிடிச்சு பத்து நாள் வேலை கெடுது. வெள்ளி வச்சா கோடு சுத்தமா விழுது, நாலு நாள்ல வயலுக்கு அனுப்பலாம். அதனால வெள்ளியில செய்யச் சொல்லியிருக்கேன்னு.

— நாலு நாளா?

— நாலு நாள்.

— நாலு நாள்ல ஆறாது.

— என்ன அத்தை?

— ஒண்ணுமில்ல. எப்படி வைப்பாங்கன்னு எழுதியிருக்கா?

— இருக்கு. சிவக்கற அளவுக்குக் காய்ச்சக் கூடாது. தோள்ல கொழுப்பு தடவணும். எண்ணெய்க் காகிதம் ஒண்ணை மேல வச்சு, அது மேல லேசா ஒரு அழுத்து. எழுத்து பிசகாம இருக்கத்தான் காகிதம்.

— காகிதம் இல்லாத எடத்துல?

— தெரியல. ஏன்?

— வெற்றிலை வைக்கலாமான்னு கேட்டேன். நெய் தடவுன வெற்றிலை.

— அப்படி எழுதல அத்தை.

— எழுத மாட்டாங்க. அவங்களுக்கு வெற்றிலை ஏது. சரி விடு. எப்படி இருந்தாலும் எங்க தாத்தா கண்காணி. அதை உன்னால மாத்த முடியாது. அவரு கையில குடுத்தாங்க, தோள்ல வைக்கல.

— அத்தை, நான் சொல்லாம விட்டுடலாம்னு நெனச்சேன்.

— சொல்லு. இவ்ளோ சொன்னவ.

— அந்த ரெஜிஸ்டர்ல ஒரு ஆந்துவான்தான் இருக்கார். ஆயிரத்து எண்ணூத்து இருபத்தியாறு. எனக்கு அந்த வரி மனப்பாடம், ஏன்னா மலபார் கண்காணி ரொம்பக் கம்மி. ஆந்துவான், மலபார் சாதி, தோட்டத்துலயே பொறந்தவர், அம்மா காரைக்கால். வயசு இருபத்தியாறு. கண்காணி. இடது தோள்ல இதயம், நடுவுல B.

— கண்காணிக்குமா?

— கண்காணியும் அடிமைதான். சவுக்கு அவர் கையில இருக்கும், அவர் ராத்திரி பூட்டற கொட்டகையிலதான் படுப்பார். அந்த வரியில இன்னும் ஒண்ணு இருக்கு. வலது காது இல்லை.

— காது இல்லன்னா?

— அறுத்துட்டாங்க. ஓடிப்போய் ஒரு மாசம் காட்டுல இருந்தா காது. ரெண்டாவது தடவை ஓடினா குதிகால் நரம்பு. மூணாவது தடவை உயிர். அப்ப அதுதான் சட்டம். அவர் ஒரு தடவை ஓடியிருக்கார்.

— மதாம், தலைப்பா...

— பேசாதீங்க பத்தரே.

— நான் ஒண்டும் கதைக்கேல்லை. அந்த ஊசி வேணுமோ வேண்டாமோ எண்டுதான் கேக்க வந்தனான்.

— என்ன ஊசி அங்கிள்?

— மாப்பிள்ளைக்கு. வலது காதை மூடித் தலைப்பா கட்டுறது இவையின்ரை வீட்டு வழக்கமாம். இப்பத்தான் சொல்லிக்கொண்டிருந்தவ.

— ஓ.

— அப்ப அவருதான்.

— அவர்தான் அத்தை.

— ஒர்த்தான்ஸ் பேரனுக்கு நாலு வயசு. அவனுக்குக் கூட ஞானஸ்நானத்துக்குக் காது மூடிக் கட்டினோம். போட்டோ இருக்குது. சிரிச்சிக்கினு நிக்கறோம் எல்லாரும்.

— யாருக்கும் தெரியாதுல்ல. அவர் சொல்லியிருக்க மாட்டார்.

— துரை குடுத்ததுன்னு தாத்தா சொன்னாராமே. அது?

— குடுத்திருக்காங்க. வச்சுவிடறதுக்கு. குமாஸ்தா லெட்டர்ல கடைசி வரி அதுதான். புதுசா வந்த பதினாலு பேருக்கும் ஆந்துவான் கையால குறி போட்டாச்சு, யாரும் சாகலைன்னு. கீழ பதினாலு பேரோட பேரும் இருக்கு. ரோசலி, வயசு பன்னெண்டு. செலஸ்தேன், வயசு முப்பது, திமிறினதால இருபத்தஞ்சு சவுக்கடி, குறி கோணலா விழுந்ததால ரெண்டாவது தடவை வச்சது. அவளுக்கு அப்புறம் கழுத்துல மூணு முள்ளு வச்ச இரும்பு வளையம் போட்டிருக்காங்க. அதைப் போட்டா தலை சாய்ச்சுப் படுக்க முடியாது.

— நீ இத கதை மாதிரி சொல்ற.

— வேற எப்படிச் சொல்றது அத்தை? முதல் மாசம் அழுதேன். அப்புறம் நூத்தி இருபது வரி முடிக்கணும்ல. மத்தியானம் போய்ச் சாப்பிட்டுட்டு வந்து அடுத்த பேரை டைப் பண்ணுவேன். ஆனா அது கையில வரும்னு நெனைக்கல. என் தோளுக்கு வரும்னு நெனைக்கவே இல்ல.

— இப்ப என்ன சொல்ற? சனிக்கிழமை?

— வைக்க விட மாட்டேன்.

— வெறும் சந்தனம்தானே. தொடச்சா போயிடும்.

— எதுல வச்சாலும் முத்திரை அதுதானே. அறுபத்தி மூணு பேர் வரிசையில நான் அறுபத்தி நாலாவதா நிக்க மாட்டேன்.

— நிக்கோலாகிட்ட சொல்லிட்டியா?

— இப்பதான் பாக்கறேன், எப்ப சொல்ல? முதல்ல உங்ககிட்டதான் சொல்றேன்.

— நீ எங்க ஒர்த்தான்ஸ பாத்ததில்ல. முத்திரை வைக்காத மருமவ கையால ஒரு வாய் தண்ணி வாங்க மாட்டா. மண்டபத்துல முன் வரிசையில உக்காந்து, வெத்தலை எங்க, முத்திரை எங்கன்னு கேப்பா. அவ எழுந்து போனா அவ கூட முப்பது பேரு எழுந்து போவாங்க.

— அப்ப கல்யாணம் வேணாம்னு சொல்றீங்களா?

— நான் எப்ப சொன்னேன்?

— எனக்கு நிக்கோலா வேணும் அத்தை. அதுல சந்தேகமே இல்ல. ஆனா இதை வச்சாதான் உங்க வீட்டுப் பொண்ணுன்னா, நான் திருச்சிப் பொண்ணாவே இருந்துட்டுப் போறேன். இதோ தாலி. அங்கிள்கிட்டயே இருக்கட்டும்.

— பெட்டியை மூடாதை பிள்ளை. கொஞ்சம் பொறு. மதாம், நீங்களும் கொஞ்சம் இருங்கோ. ஒரு தேத்தண்ணி சொல்லட்டோ, பக்கத்துக் கடையிலை?

— வேணாம். நிரஞ்சனா, இந்தக் குறி வைக்கறதை எப்ப நிறுத்தினாங்க? அதுவும் எழுதியிருக்குதா?

— சட்டமே போட்டாங்க அத்தை. ஆயிரத்து எண்ணூத்து முப்பத்தி மூணு. அதுக்கு அப்புறம் வாங்கின ஆளுங்க வரியில குறின்னு எதுவுமே இருக்காது. காலியா விட்டிருப்பாங்க.

— முப்பத்தி மூணுலயே நின்னுடுச்சா?

— ஆமா. அடிமைத்தனம் போக இன்னும் பதினஞ்சு வருஷம் ஆச்சு. ஆனா சூடு வைக்கறது மட்டும் முன்னாடியே நின்னுடுச்சு. தோட்டத்துலயே நிறுத்திட்டாங்க அத்தை, நாம எதுக்கு இன்னும்?

— தோட்டத்துல நிறுத்திட்டாங்க.

— ஆமா.

— அலோர், அப்ப சரி. பத்தரே, இத உருக்கிடுங்க.

— என்னது?

— உருக்குங்க. கைபிடி வேணாம், நுனி வேணாம். இப்பவே, என் கண்ணு முன்னால. ஒர்த்தான்ஸ்கிட்ட திருட்டுப் போச்சுன்னு சொல்லிக்கறேன். சார்செல் ட்ரெயின்ல எது வேணா திருட்டுப் போவும்.

— ஆத்திரத்திலை சொல்லாதேங்கோ மதாம். வெள்ளி உருகினால் உருகினதுதான். நாளைக்கு வந்து ஐயோ எண்டால் நான் என்ன செய்ய?

— ஆத்திரம் இல்ல பத்தரே. அது அப்பவே, தொண்ணூத்தாறுலயே தீந்துடுச்சு. அன்னிக்குக் கை தவறி வுழுவல. எங்க மாமியாரைப் புதைச்சுட்டு வந்து, கல்லுல ஓங்கி அடிச்சேன். நுனிதான் உடைஞ்சுது.

— அத்தை, உருக்கக் கூடாது.

— நீயா சொல்ற? வைக்க விட மாட்டேன்னியே.

— வைக்கறது வேற, உருக்கறது வேற. இதுவரைக்கும் எங்ககிட்ட எழுத்துதான் இருக்கு. ரோசலி தோள்ல என்ன இருந்துச்சுன்னு கண்ணால பாக்க ஒண்ணுமே இல்ல. இதுதான் சாட்சி. அறுபத்தி மூணு பேருக்கும் இது ஒண்ணுதான். ஆர்ஷிவ்ல குடுத்துடலாம், உங்க பேர் கூட வேணாம்.

— அங்க போனா கண்ணாடிப் பெட்டியில வைப்பாங்க. ஒர்த்தான்ஸ் ஞாயித்துக்கிழமை குடும்பத்தோட போய்ப் பாத்துட்டு, எங்க தாத்தாவுது, திருப்பிக் குடுன்னு நிப்பா. வாங்கிட்டும் வந்துடுவா. இது இருக்கற வரைக்கும் யாராவது ஒருத்தி கையில வரும் நிரஞ்சனா. எல்லாரும் சந்தனம் குழைச்சிக்கினு இருப்பாங்கன்னு என்ன நிச்சயம்?

— அப்படின்னா?

— நெருப்பு எங்க கிடைக்காது? உருக்குங்க பத்தரே.

— நான் உலையை மூட்டுறன். ஆனா பிள்ளை சொல்லுறதிலையும் ஒரு ஞாயம் இருக்கு மதாம். ஒரு மாதிரியும் இல்லாமல் அழிக்கக் கூடாது. முதல் நீங்கள் சொன்னியள், வீட்டிலை ஒரு அச்சு இருக்கு எண்டு. உடையாத நுனியோடை. அதையாவது இந்தப் பிள்ளையிட்டைக் குடுங்கோ.

— அது வூட்ல இல்ல பத்தரே. இங்கதான் இருக்குது. நீங்க செத்த அந்தப் பக்கம் திரும்பிக்குங்க. நிரஞ்சனா, வா, இந்த மான்தோவைப் புடி. கழுத்துப் பக்கம் என் சட்டைய இறக்கு, இடது தோள். போன எடுத்து நல்லா தெரியற மாதிரி புடிச்சிக்க, நுனி எப்படி வளையுதுன்னு பாரு. சந்தனத்துல வைக்கறது நான் கொண்டாந்த பழக்கம்மா. எனக்கு வைக்கும்போது சந்தனம் இல்ல.